பழி தாய்க்கு மட்டுமா?

கர்ப்பிணி மதுவருந்தியதாற் பிள்ளை குறையுற்றால், "தாயின் ஒழுக்கக்கேடு" எனத் தீர்ப்புக் கூறி அமைவோர் பலர். அவர்களை ஒன்று வினவுவோம். 1960களில் நியூயோர்க்கிலே குறைப்பிரசவத்தைத் தடுக்கவெனக் கர்ப்பிணிகளின் நாளத்தினூடாக மதுசாரத்தை ஏற்றியோர் யாவர்? வைத்தியர்களே அன்றோ! சூல்வித்தகம் மதுசாரத்தைத் தடுப்பதில்லை. சிசுவின் முதிரா ஈரலோ அதனைச் சிதைக்கும் ஆற்றல் மிகக் குறைந்தது. 1968இல் பிரான்சிலே லெமுவான் என்பார், குடிக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகள் 127 பேரிடம் கண்ட குறைகளை எழுதினார். கேட்பார் அரிதாயினர். 1973இல் சியாட்டிலைச் சேர்ந்த ஜோன்ஸ், ஸ்மித் ஆகியோர் அந்நோய்க்குப் பெயரிட்ட பின்னரே வைத்திய உலகம் விழித்தது. தீங்கற்ற அளவு இதுவென எவரும் இன்றுவரை நிறுவவில்லை, எனினும் "சிறிதளவு குற்றமன்று" என்பாரும் உளர் (கற்றோரும் அவருள் அடங்குவர்!). அமெரிக்கப் போத்தல்களில் எச்சரிக்கை ஏறியதோ 1989இல். அதுவும் அருந்தும் பெண்ணுக்கே கடமை விதித்தது, வடித்து விற்பவனுக்கன்று.