தவளைதானே என்று இருந்துவிடலாமா?

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. மழை இரவில் ஓயாது கத்தித் தன் இருப்பிடத்தைப் பாம்புக்குக் காட்டிக் கொடுப்பதால் எழுந்த பழமொழி அது. ஆனால், நம் பிள்ளைகள் கண்ணாடிச் சாடியில் வளர்க்கும் இளந்தவளையோ வாய் திறவாமலேயே மடிந்து போகின்றது. நாய் நோயுற்றால் முனகும். கோழி நோயுற்றால் இறகைத் தொங்கவிட்டுத் தூங்கி வழியும். தவளை நோயுற்றால் அசையாது அமர்ந்திருக்கும். நலமாக உள்ளபோதும் பெரும்பாலும் அவ்வாறே அமர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைக் காணும் கண் நமக்கு வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் பள்ளி நான்காம் ஆண்டு மாணவர் சிலர், லயத்துப் பின்புறத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மரத்தவளை கட்டியிருந்த நுரைக்கூட்டைக் கண்டனர். அதிலிருந்து நீரில் விழுந்த தலைப்பிரட்டைகளுள் சிலவற்றைப் போத்தலில் இட்டு வகுப்பறைச் சன்னலோரம் வைத்தனர். கால்கள் முளைத்தன, வால் குறுகியது, இரண்டு குட்டித் தவளைகள் உருவாயின. வகுப்பே மகிழ்ந்தது. சில நாள்களில் ஒன்றின் முன்கால் வளைந்தது. மற்றொன்றின் அடிவயிறு சிவந்தது. பிள்ளைகள் சோற்றுப் பருக்கை இட்டனர். ஒருவன் அன்பு மிகுதியால் மஞ்சள் பூசினான். பெரியவர் ஒருவர், “தவளைதானே, அல்லூரில் கொட்டிவிடு” என்றார். ஆசிரியர்களாகிய நாமோ விளையாட்டுப் போட்டி ஆயத்தத்தில் மூழ்கி, அச்சாடியை எட்டியும் பார்க்கவில்லை. இரண்டும் இறந்தன. அக்குற்றத்தில் பெரும்பங்கு நம்முடையதே.

அன்று நாம் அறியாதிருந்தவற்றை இன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தவளை வாயால் நீர் அருந்துவதில்லை, தோலால் பருகுகின்றது. நுரையீரல் இருப்பினும் தோலாலும் மூச்சு விடுகின்றது. ஆதலால் அதன் தோலில் படுவதெல்லாம் அதன் உடலுக்குள் செல்லும் என்றே கொள்ளவேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின், கையில் ஒட்டிய சவர்க்காரம், தைலம், கொசு மருந்து ஆகிய யாவும் அதற்குத் தீங்காகும். அன்போடு பூசிய மஞ்சளும் மருந்தாவதில்லை.

வால் சுருங்கும் நாள்களே இளந்தவளைக்கு மிக இடர் மிக்க காலம். அப்போது அது இரை கொள்ளாது. தன் வாலையே உணவாக்கிக் கொள்ளும். அது நோயன்று. ஆனால், ஏறி அமரக் கல்லோ கட்டையோ இல்லாவிடில், நீரில் பிறந்த அவ்வுயிர் நீரிலேயே மூழ்கி இறந்துவிடும். வால் மறைந்தபின் அதற்கு அசையும் இரை வேண்டும். சோறும் ரொட்டியும் அதன் கண்ணுக்கு இரையாகத் தெரிவதில்லை. பழ ஈ, சிறு கறையான், சிறு வெட்டுக்கிளிக் குஞ்சு போன்றவற்றை, அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்திற்கு மிகாமல் கொடுத்தல் நலம்.

நோயின் குறிகளை மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக. தொண்டை விரைந்து துடிப்பது நோயன்று. அது அதன் இயல்பான மூச்சு. தோலை உரித்துத் தானே விழுங்குவதும் இயல்பே. ஆனால், உரிந்த தோல் திட்டுத்திட்டாகத் தொங்கினாலும், இரவில் உலவவேண்டியது பகலில் வெட்டவெளியில் சோர்ந்து கிடந்தாலும், பல நாள் இரையை நாடாமல் இடுப்பெலும்பு துருத்தினாலும், உடல் நீர் கோத்து ஊதினாலும், கண் மங்கினாலும், மல்லாந்தபோது உடனே புரளாவிட்டாலும் அது நோயுற்றதென்று அறிக. தாடை மென்மையாகி முதுகு கோணுமாயின் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவே காரணம். தவளைக்கென விற்கப்படும் கால்சியப் பொடியை இரைமேல் தூவிக் கொடுத்தால் இதனை வருமுன் காக்கலாம். அடிவயிறும் தொடையும் சிவத்தல் ‘செங்கால் நோய்’ எனப்படும். அழுக்கு நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் குருதியில் கலப்பதால் பெரும்பாலும் இது வருகின்றது. இதற்கு வீட்டு மருந்து இல்லை. கால்நடை மருத்துவரிடமே செல்லவேண்டும்.

மருத்துவரை அடையுமுன் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. நோயுற்றதை உடனே தனியே பிரிக்க வேண்டும். சாடியை வெந்நீரால் கழுவி, சவர்க்காரம் படாமல், ஈரத் தாள் விரித்து, ஒளிய ஓர் இலையோ ஓடோ வைக்க வேண்டும். குழாய் நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரிதும் நீங்கும். அந்நீரையே ஆழமின்றி ஊற்றி நாள்தோறும் மாற்ற வேண்டும். வெயில் படும் சன்னலோரம் ஆகாது. அடிக்கடி கையில் எடுத்தலும் ஆகாது; எடுத்தே ஆகவேண்டுமாயின் தூய நீரில் கையை நனைத்து எடுக்க வேண்டும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவது பிள்ளைகளின் நலத்திற்கு இன்றியமையாதது.

“அல்லூரில் கொட்டிவிடு” என்ற சொல்லை இங்கே மறுக்கின்றோம். ‘கைட்ரிட்’ எனும் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இறுதியில் இதயத்தையே நிறுத்துகின்றது. 1999-இல் பெயரிடப்பட்ட இப்பூஞ்சையாலும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றாலும் உலகெங்கும் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ் இனங்கள் குறைந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கக் கூடும் என்றும் 2019-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. மலேசியத் தீபகற்பத் தவளைகளிலும் இப்பூஞ்சை இருப்பதை 2011-இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். நோயுற்ற தவளையை வடிகாலில் விடுவது நோயையும் சேர்த்து விடுவதாகும். இறந்ததையும் நீர்நிலையில் எறியாது, மண்ணில் ஆழப் புதைத்தலே முறை.

பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளத் தோழர்களே! இதில் உங்களுக்கென ஒரு செய்தியும் உண்டு. மருந்தடித்த வரிசையின் ஓரத்து வடிகாலில் பிள்ளைகள் தலைப்பிரட்டை பிடிக்க விடாதீர்கள். களைக்கொல்லிக் கலனைக் கழுவி அவர்களிடம் கொடுக்காதீர்கள். தோலின் வழியே நஞ்சு ஏறும் என்பதற்குத் தவளை ஒரு சான்று. நம் தோல் தவளையின் தோலினும் தடித்ததாயினும், முற்றும் நம்மைக் காப்பதன்று. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, கையுறையின்றி மருந்தடித்த நம் தாய்மார்கள் பட்ட புண்களை நாம் அறிவோம். பாராக்குவாட் எனும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எனினும் பிற மருந்துகள் உள்ளன. வடிகாலில் தவளைகளின் குரல் அடங்கினால், அங்கு ஓடும் நீரைப் பற்றி நாம் கேள்வி எழுப்ப வேண்டும்.

அப்படியாயின் பிள்ளைகள் தவளை வளர்க்கலாமா? காட்டில் உள்ளதைக் காட்டிலேயே கண்டு மகிழ்வது முதல் தரம். வளர்க்கத்தான் வேண்டுமெனில் ஒன்றிரண்டு போதும். ஒரு குறிப்பேடும் வேண்டும். இன்று தின்றதா, தோல் நிறம் என்ன, நீர் மாற்றினோமா என்று நாள்தோறும் எழுதும் மாணவன், ஏட்டில் கற்க இயலாத ஒன்றைக் கற்கின்றான். பேச இயலாத உயிரின் துன்பத்தைக் குறிப்பால் அறியப் பழகியவன், நாளை பேசத் தயங்கும் தன் தாயின் களைப்பையும் தோழனின் பசியையும் அறிவான் என்பது நம் நம்பிக்கை.

ஆகவே, இனி எவரேனும் ‘தவளைதானே’ என்று சொன்னால், ‘அதுவும் ஓர் உயிர்தானே’ என்று நம் மாணவச் செல்வங்கள் பணிவோடு விடை கூறுவார்களாக. இவ்வாண்டு மழை தொடங்குமுன் வகுப்பறைச் சன்னலோரத்துச் சாடியை நிழலுக்கு மாற்றி, அருகில் ஒரு குறிப்பேடும் வைக்க நாம் உறுதி பூண்டுள்ளோம். அதில் முதல் வரியை எழுத வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.