இரும்புக்கு ஒரு ஷாக்!

கோவை கணபதியில் என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். காலேஜ் லீவில் ஒருநாள், 'நானும் கடைகிறேன்' என்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடில் கை வைத்தேன். பயந்து பயந்து டூலை லேசாக உரசவிட்டேன். 'டக்'! கார்பைடு டிப் காலி.

"ஒடச்சுப் போட்டியா மாப்ளே? எஸ்.எஸ்.கிட்ட தயங்குனா அது இன்னும் முறுக்கிக்கும். வெட்டறதுன்னா தைரியமா வெட்டோணும்" என்றார். திட்டவில்லை. ஆனால், அந்த ராடில் வரவேண்டிய லாபம் டிப்போடு போய்விட்டது என்று முகம் சொன்னது.

மாமா சொன்னது நிஜம். உலோகத்துக்குள் அணு வரிசையில் சின்னச் சின்னப் பிசகுகள் உண்டு. அவை நகர்ந்தால் உலோகம் வளைந்து கொடுக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டால், இறுகிவிடும்.

சூடு பண்ணி இளக்கலாம். ஆனால், ரொம்பச் சூடானால் எஃகின் குணமே மாறிவிடும். வேறு வழி?

1963-ல் சோவியத் விஞ்ஞானிகள் ட்ராய்ட்ஸ்கியும் லிக்ட்மானும் துத்தநாகப் படிகத்தை இழுத்துக்கொண்டே அதன்மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார்கள். படிகம் சுலபமாக இழுபட்டது! பிற்பாடு மின்சாரத்தையே விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாகச் செலுத்திப் பார்த்தார்கள். அப்போதும் அதே கதை.

இந்த வித்தையைக் கடைசலிலும் துளை போடுவதிலும்கூட சோதித்திருக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் என்று போகும் கணக்கு. (உங்கள் சீலிங் ஃபேனுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்!) ஆனால், ஒரு துடிப்பின் ஆயுள் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சில எஃகு வகைகளை வெட்டத் தேவையான சக்தி இதனால் குறைந்திருக்கிறது. எலக்ட்ரான்கள்தான் பிசகுகளைத் தள்ளிவிடுகின்றன என்று ஒரு கட்சி. 'அதெல்லாம் இல்லை, உள்ளுக்குள் அங்கங்கே ஏறும் சூடுதான்' என்று எதிர்க்கட்சி. சண்டை இன்னும் ஓயவில்லை.

தயவுசெய்து நீங்கள் முயற்சிக்காதீர்கள். சரியாக இன்சுலேட் பண்ணாவிட்டால் கரன்ட் லேத்தின் பேரிங்குக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். உங்களை என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம்.

போன மாதம் மாமாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். புது மெஷின் லோனுக்காக மூன்று மாதமாக பேங்குக்கு நடந்துகொண்டிருக்கும் மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

"இரும்பு இளகறது சரி மாப்ளே... பேங்க் மேனேஜர் இளகறதுக்கு எத்தனை ஆம்பியர் வேணும்?"