முதலிடத்தவரின் தோல்வியும் இரசிகர்களின் கணக்கும்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு விசித்திரமான நீதிமன்றம் கூடுகின்றது. ஆறு மாதங்களாக 82 போட்டிகளில் ஆடி முதலிடம் பெற்ற அணி, எட்டாமிடத்து அணியிடம் இரண்டு போட்டிகளில் தோற்றவுடன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றது. வென்றால் அது கடமை, தோற்றால் துரோகம். இரசிகர்களின் இந்தக் கணக்கு நியாயமானதா?

2023 ஆம் ஆண்டின் மில்வோக்கி பக்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். அப்பருவத்தில் 58 வெற்றிகளுடன் முழு லீக்கிலும் முதலிடம் பெற்ற அணி அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 50 ஆண்டுக் காத்திருப்பின் பின்னர், கிண்ணத்தை வென்றிருந்தது. முதற்சுற்றில் எதிர்கொண்டதோ, தகுதிகாண் போட்டிகளில் தட்டுத் தடுமாறி எட்டாமிடத்தைப் பிடித்த மியாமி ஹீட் அணியை. முதற்போட்டியிலேயே நட்சத்திர வீரர் யானிஸ் முதுகில் காயமடைந்து, அடுத்த இரண்டு போட்டிகளிலும் ஆடவில்லை. நான்காவது போட்டியில் மியாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளிகளைக் குவித்தார். ஐந்தாவதில், கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 16 புள்ளிகள் முன்னணியில் இருந்த மில்வோக்கி, மேலதிக நேரத்தில் 128-126 எனத் தோற்று, 4-1 என்ற கணக்கில் வெளியேறியது.

இந்தப் பருவம் தோல்வியா என்று செய்தியாளர் ஒருவர் கேட்டபோது, யானிஸ் பொறுமையிழந்தார். உங்களுக்கு ஆண்டுதோறும் பதவி உயர்வு கிடைக்கின்றதா எனத் திருப்பிக் கேட்டார். 15 ஆண்டுகள் ஆடிய மைக்கல் ஜோர்டன் வென்றது ஆறு கிண்ணங்கள்தானே, மற்றைய ஒன்பது ஆண்டுகளும் தோல்வியா என்றும் வினவினார்.

அதே தொழிலைச் செய்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வி தவறென்று நான் சொல்லமாட்டேன். இரசிகனின் மனதில் இருப்பதைக் கேட்பது செய்தியாளரின் வேலை. அன்றைய போட்டியில் எதிரணியின் விதிமீறல்களுக்காகக் கிடைத்த 23 தனி எறிகைகளில் யானிஸ் பத்தை மாத்திரமே கூடைக்குள் இட்டார். மேலதிக நேரத்தின் இறுதிக் கணங்களில் பயிற்றுநர் இடைநிறுத்தம் கோரவில்லை. அணியால் கடைசி எறிகையைக்கூட எறிய முடியவில்லை. இவற்றைக் கேட்க இரசிகனுக்கு உரிமையுண்டு.

ஆனால், பதில் கேட்பது வேறு. தலை கேட்பது வேறு.

முதலிடம் என்பது கடந்த ஆறு மாதங்களின் பதிவேடு. அடுத்த இரண்டு மாதங்களுக்கான உத்தரவாதமாக அதைக் கொள்ள முடியாது. 82 போட்டிகளில் ஓர் அணி வெவ்வேறு எதிரிகளைச் சந்தித்து நகர்ந்துவிடுகின்றது. பிளே ஓஃப் சுற்றிலோ ஒரே எதிரி, ஏழு போட்டிகள் வரையில், அதன் பலவீனத்தைத் தேடித் தேடித் தாக்குகின்றான். ஆயினும் முதலிடத்தவர் முதற்சுற்றில் எட்டாமிடத்தவரிடம் வீழ்வது அரிது. 1984 முதல் 2023 வரையில் ஆறு தடவைகளே அவ்வாறு நிகழ்ந்தது. அந்த அரிதான தன்மைதான் இரசிகனின் சினத்துக்கு எரிபொருளாகின்றது.

தடுமாறும் அணி தகுதியற்ற அணி என்பதும் உண்மையன்று. 2008 இல் 66 வெற்றிகள் பெற்ற பொஸ்டன் செல்டிக்ஸ், வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம் கண்டிருந்த அட்லாண்டாவிடம் ஏழு போட்டிகள் வரை இழுபட்டது. அடுத்த சுற்றில் கிளீவ்லாந்திடமும் அதே கதை. முதலிரு சுற்றுகளிலும் வெளியூரில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த அணிதான் இறுதியில் கிண்ணத்தை ஏந்தியது.

2007 இல் 67 வெற்றிகளுடன் வந்து கோல்டன் ஸ்டேட்டிடம் முதற்சுற்றிலேயே வீழ்ந்தது டல்லஸ். அதன் பின்னரே அப்பருவத்தின் சிறந்த வீரர் விருதைப் பெறவேண்டிய சங்கடம் டேர்க் நொவிட்ஸ்கிக்கு நேர்ந்தது. டல்லஸ் மாற்றங்கள் செய்தது. மறு ஆண்டில் பயிற்றுநரையும் மாற்றியது. ஆனால் நொவிட்ஸ்கியை மையமாக வைத்தே அணியைக் கட்டியது. 2011 இல் கிண்ணம் வந்தது.

மில்வோக்கி என்ன செய்தது? கிண்ணம் வென்றுதந்த பயிற்றுநர் மைக் பூடன்ஹோல்சரை இரு வாரங்களுக்குள் நீக்கியது. அவருக்குப் பின் வந்தவர் 30 வெற்றி, 13 தோல்வி என்ற நிலையில், 2024 ஜனவரியில் நீக்கப்பட்டார். டேமியன் லில்லார்டைப் பெறுவதற்காக, 2021 வெற்றியின் தூண்களில் ஒருவரான ஜுரூ ஹொலிடேயை விட்டுக்கொடுத்தது. சில நாள்களில் பொஸ்டனிடம் சேர்ந்த அவர், 2024 இல் அங்கே கிண்ணம் வென்றார். மில்வோக்கியோ 2024 இலும் 2025 இலும் முதற்சுற்றிலேயே இந்தியானாவிடம் தோற்றது. காயங்களும் அதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. எனினும், சினம் தணிவதற்குள் எடுத்த முடிவுகளின் விலையையும் மறுக்க முடியாது.

ஏமாற்றமடையாத இரசிகன் இரசிகனே அல்லன். நுழைவுச்சீட்டுக்குப் பணமும் அணிக்கு மனமும் கொடுத்தவன் அவன். முழு முயற்சியையும் நேர்மையான விளக்கத்தையும் அவன் தாராளமாகக் கோரலாம். கிண்ணத்தைக் கடனாகக் கோரமுடியாது. ஏனெனில் 30 அணிகளில் 29 அணிகளின் பருவம் கிண்ணமின்றியே முடிகின்றது. அவை அனைத்தையும் தோல்வி என்று எழுதுவோமாயின், நாம் பார்த்து மகிழ்ந்த அந்த ஆறு மாதங்களுக்கு என்ன பெயர் வைப்பது?