குறைந்தது மார்க்கா, மடியில் பணமா?

பரீட்சை முடிவு வெளியாகும் ஒவ்வொரு வருஷமும் உழைப்பாளி வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளி வீட்டிலும் எழுகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நாற்று நடும் பெண்ணின் வீட்டிலும் எழுகிறது. "பிள்ளை பல் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறான், மார்க் குறைவு. மனுப் போடலாமா, வேண்டாமா?" என்பதே அந்தக் கேள்வி.

போடுங்கள் என்பதுதான் நமது பதில். ஏன் போட வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்க் குறைவு என்ற சொல் எல்லோர் வாசலையும் ஒரேமாதிரி அடைப்பதில்லை. சிலருக்கு அது இரும்புக் கதவு. சிலருக்கு அது வெறும் திரைச்சீலை. பணக்கட்டைக் காட்டினால் விலகிவிடும்.

2021 பிப்ரவரியில் டில்லியில் நடந்ததைப் பாருங்கள். அந்த வருஷம் நாடு முழுவதும் ஏறக்குறைய 7,000 பல் மருத்துவ இடங்கள் ஆளில்லாமல் கிடந்தன. நீட் பரீட்சையில் தேறுவது என்றால் நூற்றுக்கு ஐம்பது மார்க் வாங்குவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. எழுதியவர்களை வரிசையாக நிற்க வைத்தால், பொதுப் பிரிவு மாணவன் பாதிப் பேருக்கு மேலே நிற்க வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேலே நின்றால் போதும். இடங்கள் காலியாகக் கிடந்ததால் இந்த அளவைக் குறைக்கும்படி பல் மருத்துவக் கவுன்சிலே சிபாரிசு செய்தது. மத்திய சர்க்கார் மறுத்தது. நாட்டில் பல் டாக்டர்கள் போதுமான அளவு இருக்கிறார்களாம். அளவைக் குறைத்தால் தரம் கெட்டுவிடுமாம்! (போதுமான டாக்டர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? கடைவாய்ப்பல் வலிக்கு லவங்கத்தைக் கடித்துக்கொண்டே களையெடுக்கப் போகும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.) வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பிப்ரவரி 8ந் தேதி கோர்ட் அந்த மறுப்பைத் தள்ளிவிட்டு, அளவைப் பத்துப் படி இறக்கி இடங்களை நிரப்பும்படி உத்தரவிட்டது. அதோடு நிற்கவில்லை. தனியார் கல்லூரிகள் வசூலிக்கும் கட்டணமும் இடங்கள் நிரம்பாததற்குக் காரணம் என்பதை ஏற்றுக்கொண்டு, அதைக் குறைப்பது பற்றி அந்த நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும் என்றும் சொல்லியது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். இடங்கள் காலியாகக் கிடந்தபோது 'தரம்' என்று சொல்லப்பட்ட அந்த அளவு பத்துப் படி இறங்கிவிட்டது. கட்டணமோ, யோசனை சொல்லும் அளவோடு நின்றுவிட்டது. பணமுள்ளவன் மகன் குறைந்த மார்க்கோடு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அதைத் தரக்குறைவு என்று எந்தப் பெரிய மனிதரும் சொல்வதில்லை. கூலிக்காரன் மகள் அதே மார்க்கோடு, ஏன், அதைவிடக் கூடுதலான மார்க்கோடு வந்தாலும் கட்டணம் கட்ட வழியில்லாமல் திரும்புகிறாள்.

இதே மாதத்தில், நமது ஜில்லாவிலேயே, சிதம்பரத்தில் வேறொரு காட்சி. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929ல் தோன்றியது. அங்கே பல் மருத்துவக் கல்லூரி 1980ல் ஏற்பட்டது. நிதி நெருக்கடியில் பல்கலைக் கழகம் தத்தளித்தபோது, 2013ல் தமிழ்நாடு சர்க்கார் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. சர்க்கார் எடுத்துக்கொண்டால் கட்டணமும் சர்க்கார் கட்டணமாக வேண்டாமா? ஆகவில்லை. ஏழு வருஷம் ஆகவில்லை. மற்ற அரசுக் கல்லூரிகளில் பல் மருத்துவத்துக்கு வருஷக் கட்டணம் 11,610 ரூபாய். இங்கே சுமார் மூன்றரை லட்சம். மருத்துவப் படிப்புக்கு ஐந்து லட்சத்துக்கு மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வேளை அரிசிகூட வாங்காமல் அவ்வளவையும் சேர்த்தாலும், மூன்றரை லட்சத்துக்கு 875 நாள் உழைக்க வேண்டும். ஒரு வருஷக் கட்டணத்துக்கு இரண்டரை வருஷக் கூலி! அரசுக் கட்டணமானால் அதே தொழிலாளிக்கு 29 நாள் கூலி. இரண்டு கல்லூரிக்கும் ஒரே பரீட்சை, ஒரே கலந்தாய்வு. வரிசையில் சற்று முன்னே நின்றவனுக்குச் சென்னை, பின்னே நின்றவனுக்குச் சிதம்பரம். மார்க்கில் இருந்த வித்தியாசம் சொற்பம். பணத்தில் முப்பது மடங்கு.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நிர்வாகம் காலவரையற்ற விடுமுறை விட்டது, விடுதியைக் காலி செய்யச் சொன்னது. மாணவர்கள் அசையவில்லை. மழையிலும் பனியிலும் ஐம்பது நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரியில் கல்லூரிகள் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன. பிப்ரவரியில் பல் மருத்துவக் கட்டணம் 11,610 ரூபாய் என்று உத்தரவு வந்தது. இது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கட்டணக் கதை இது. மார்க் எப்படி உண்டாகிறது என்பது இன்னொரு கதை. 2007 முதல் 2016 வரை நமது மாகாணத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது; பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்த்தார்கள். 2017ல் நீட் கட்டாயமாயிற்று. அதன் பிறகு என்ன நடந்தது என்று நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021ல் ஆராய்ந்து சொன்னது: மருத்துவத்தில் சேர்ந்தவர்களில், முந்திய வருஷங்களில் பள்ளியை முடித்துவிட்டுத் திரும்ப எழுதியவர்கள் 2016-17ல் நூற்றுக்குச் சுமார் 12 பேர், 2020-21ல் சுமார் 71 பேர். ஒரு வருஷம், இரண்டு வருஷம் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டுக் கோச்சிங்குக்கும் பணம் கட்ட யாரால் முடியும்? கதிர் அறுக்கும் வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருஷம் சும்மா இருக்க முடியுமா? 2019ல் அரசுப் பள்ளியில் படித்து மருத்துவத்தில் சேர்ந்தவர்கள் ஆறே பேர். அத்தனை ஆயிரம் பிள்ளைகளில் ஆறு பேருக்குத்தான் மூளை இருந்தது என்று நம்பச் சொல்கிறார்களா?

இந்த அநியாயம் பொறுக்க முடியாத அளவுக்குப் போன பிறகு, 2020 அக்டோபரில் ஏழரை சதவீத இடஒதுக்கீடு வந்தது. அந்த வருஷமே 313 மருத்துவ இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களும் அரசுப் பள்ளி மாணவருக்கு என்று ஒதுக்கப்பட்டன. அப்போதும் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்துக் கட்டணத்தைக் கேட்டுக் கண்கலங்கித் திரும்பிய பிள்ளைகள் உண்டு. அதன் பிறகே கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்கார் ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இடமும் பணமும் சேர்ந்து வந்தால்தான் ஏழைக்கு அது இடம்.

ஆகவே மார்க் குறைவு என்று சோர்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், மற்றப் பிரிவினர் 40 சதவீதமும் வாங்கியிருந்தால் போதும். அதற்குமேல் தீர்மானிப்பது நீட் வரிசை. பொதுப் பட்டியலில் வெகு பின்னால் கிடக்கும் மார்க், அரசுப் பள்ளித் தனிப் பட்டியலில் பல் மருத்துவ இடம் வாங்கித் தருகிறது. தானாகவே தன்னைக் கழித்துக்கொண்டு மனுப் போடாமல் இருக்கும் பிள்ளைதான் இதில் ஏமாந்து போகிறது.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன குடும்பம், கிட்டத்தில் வேறு பள்ளி இல்லையென்று ஏழாம் வகுப்பில் ஒரு வருஷம் வேறு பள்ளியில் சேர்த்திருந்தால் போயிற்று. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கில்லை. அந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளா? சம்பளம் கட்ட முடியாதவன் பிள்ளைதான் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, ஐந்து வருஷத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நீட்டிலிருந்து விலக்குக் கோரிச் சட்டசபை இருமுறை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்பது 2025 ஏப்ரலில் தெரிந்தது. நீட் நிற்க, ஒதுக்கீடு மட்டும் போனால் என்ன ஆகும்? மறுபடியும் ஆறு பேர்தான்.

மறுபரிசீலனையின்போது ஒதுக்கீட்டைக் கைவிடாமல் நீட்டிக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி மாணவரையும் அதில் சேர்க்க வேண்டும். பிழைப்புக்காக இடம் பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஓரிரு வருஷம் விடுபட்டதை மன்னிக்க வேண்டும். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் இதைத் தீர்மானமாகப் போட்டு முதன்மந்திரிக்கும் சுகாதார மந்திரிக்கும் அனுப்ப வேண்டும். கிளைச் செயலாளர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். தங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள். எந்தெந்த வருஷம் எந்தெந்தப் பள்ளியில் படித்தார்கள் என்ற சான்றிதழைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஜாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நாலு தடவை அலைய வேண்டியிருக்கும். மனுவின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது.