புகை போச்சு; கொசு போச்சா?

சாயங்காலம் கொசுப்புகை வண்டி தெருவுக்குள் நுழைந்தால் போதும். பொடிசுகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறார்கள். டீக்கடைக்காரர் வடைத் தட்டை அவசரமாக மூடுகிறார். ஜன்னல்கள் படார் படாரென்று சாத்தப்படுகின்றன. ஐந்து நிமிடத்தில் புகை கலைந்துவிடுகிறது. சாத்திய வீட்டுக்குள் கொசு பத்திரமாக இருக்கிறது!

"எங்க தெருவுக்குப் புகை வண்டி வரலையே" என்று சென்னையில் சண்டை போடுகிறவர்கள் ஒரு பக்கம். "அது விஷம், அடிக்கவே கூடாது" என்பவர்கள் இன்னொரு பக்கம்.

மருந்தை ஒரேயடியாகத் திட்டுவது நியாயமில்லை. 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன், இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7½ கோடி பேருக்குக் காய்ச்சல். சுமார் 8 லட்சம் பேர் சாவு. வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். 1965-ல் கணக்கு ஒரு லட்சமாக இறங்கிவிட்டது!

அப்புறம்தான் கோளாறு. அதே மருந்தை வயலிலும் கொட்டினார்கள். கொசுவுக்கு அது பழகிப் போச்சு. கண்காணிப்பும் தளர்ந்தது. 1976-ல் 64 லட்சம் பேரை மலேரியா பிடித்தது. வயலில் டி.டி.டி. கூடாது என்று தடை வந்தது 1989-ல்தான்.

பகல் கொசு

டெங்கு கொசு சங்கதி வேறு. பகலில் கடிக்கிற ரகம். சாக்கடை அதற்கு வேண்டாம். நல்ல தண்ணீர்தான் வேண்டும். டிரம், பூந்தொட்டித் தட்டு, பிரிஜ்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர், பஞ்சர் கடை டயர் எல்லாம் அதற்குப் பிரசவ வார்டு. கட்டிலடியிலும் தொங்கும் துணி மறைவிலும் ஒதுங்குகிறது. தெருவில் போகிற புகை அதை எங்கே பிடிக்கும்? பிடித்தாலும் பறக்கிற கொசுதான் சாகும். தொட்டியில் நெளிகிற புழு ஒரு வாரம், பத்து நாளில் இறக்கை முளைத்து வந்துவிடும். முட்டையோ தொட்டிச் சுவரில் ஒட்டிக் காய்ந்து கிடந்து, மாதக் கணக்கில் காத்திருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவணும்.

காய்ச்சல் கண்ட வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உடனே மருந்து அடிக்கட்டும். அங்கே நோய் ஏறிய கொசு சாக வேண்டும். காய்ச்சலே இல்லாத தெருவில் கண்துடைப்புப் புகை எதற்கு?

தொட்டியைப் பார்க்க ஊழியர் வந்தால், "ஐயா தூங்குறார், அப்புறம் வாங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். புகை வண்டி வரலைன்னு புகார் கொடுப்பதும் பல இடத்தில் அதே வீடுதான்!

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. புகைக்கு ஊற்றுகிற டீசல் பணத்தில் ஒரு பங்கைத் தொட்டி பார்க்கிற ஆட்களுக்குத் திருப்பலாம். பாதியில் நிற்கிற கட்டிடங்களில் தேங்கிய தண்ணீரையும் அவர்கள் எட்டிப் பார்க்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே!