சினை ஊசியும் புகை கக்கும் கேனும்

மாடு வளர்க்கும் சகோதரிகளே, சினை ஊசி போட வருகிறவர் கேனைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வருகிறதே, உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி குளிர், அம்மாடி! காளையின் உறைவிந்து அதில் வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் நைட்ரஜன் தானாக ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வற்றிவிட்டால் மறுபடி நிரப்பியும் பயனில்லை; குச்சி மட்டும் பார்க்க அப்படியே இருக்கும். "கேன்ல அளவு இருக்கா தம்பி?" என்று நான் கூசாமல் கேட்டுவிடுவேன். சினை நிற்காவிட்டால் 21 நாள் வீணாவது நமக்குத்தானே! குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு இளக்கணும், உள்ளங்கையில் தேய்த்தல்ல. காலையில் மாடு கத்தினால் மாலையில் ஊசி. மாலையில் கத்தினால் மறுநாள் காலை. குழந்தைகளைக் கேன் பக்கம் விடாதீர்கள், தெறித்தால் தீப்பட்ட மாதிரி புண்ணாகும்.