‘ரோவர்’ என்றொரு சொல், ‘பரதேசி’ என்றொரு வசை



2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை எங்கள் வீட்டில் அனைவரும் தொலைக்காட்சியில் கண்டோம். அதன் வயிற்றிலிருந்து பிரக்யான் வெளிவந்து உருண்டோடிய செய்தி வந்தபோது, எட்டாம் வகுப்பில் பயிலும் என் மகள், “வாப்பா, ரோவர் என்றால் என்ன?” என்று கேட்டாள். “ஊர் சுற்றுகிறவன்” என்றேன். சிரித்துவிட்டாள். அத்தனை பேர் கைதட்டி வரவேற்கும் ஒன்றை அப்படி அழைப்பார்களா என்பது அவளுடைய ஐயம்.

அந்தச் சொல்லின் கதையைத் தேடிப் பார்த்தேன். அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது சுமந்து வந்த பொருள் ‘கொள்ளையன்’. டச்சுக்காரர்களும் வட ஜெர்மானியரும் கொள்ளையடிப்பவனுக்கு வைத்திருந்த பெயர் அது, ஆங்கிலேயருக்குக் கடற்கொள்ளையனாயிற்று. பின்னர் மெல்ல மெல்ல அதன் கையிலிருந்த வாள் நழுவி, நிலையான இருப்பிடமின்றி அலைபவன் என்ற பொருள் நிலைத்தது. வீட்டு நாய்க்கும் அதையே பெயராக வைத்தார்கள். 1885-இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இன்று நாம் ஓட்டும் மிதிவண்டிக்கு முன்னோடியான ஒரு வண்டியை இப்பெயரில் விற்றார். போலந்து மொழியில் இன்றைக்கும் எல்லா மிதிவண்டிக்கும் பெயர் ‘ரோவர்’தான். 1918-இல் சாரணர் இயக்கம் தன் வயது வந்த இளைஞர்களுக்கு அதைச் சூட்டியது. 1948-இல் லேண்ட் ரோவர் வந்தது. 1970-இல் சோவியத் ஒன்றியத்தின் லூனகோத் நிலவில் ஓடியது. 1997-இல் செவ்வாயில் ஓடிய அமெரிக்க வண்டிக்கு, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் நினைவாகப் பெயரிட்டார்கள். ‘சோஜர்னர்’ என்றாலும் வழிப்பயணி என்றே பொருள்.

கொள்ளையனாகப் பிறந்த ஒரு சொல் விண்வெளி வரை உயர்ந்துவிட்டது. இனி நம் மொழியைப் பாருங்கள். ‘பரதேசி’ என்ற சொல்லில் தொடக்கத்தில் எந்தக் குற்றமும் இல்லை. வேற்று நாட்டிலிருந்து வந்தவர், அவ்வளவுதான். பிறகு அது இரந்துண்டு அலைபவரைக் குறித்தது. இன்று தெருவில் ஒருவரை அப்படி அழைத்தால் கைகலப்பு வரும்.

இதை நான் எழுதக் காரணம் சென்ற ஆண்டு ஓரிரவு வெளியூர் ஒன்றில் கண்ட காட்சி. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் இரும்புக் கதவு பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. துணிப்பையுடன் ஒரு முதியவர், முதல் பேருந்து வரும்வரை திண்ணையில் படுத்துக்கொள்ள இடம் கேட்டார். கதவின் மேல் பலகை தொங்கியது: வெளியூர் நபர்கள் தங்க அனுமதி இல்லை. மோதினார் நல்லவர், “சாவிதான் என் கையில் இருக்கிறது பெரியவரே, உத்தரவு இல்லை” என்று தலைகுனிந்து சொன்னார். தொழுதுவிட்டு வெளியேறிய ஓர் இளைஞர் அந்த வசைச் சொல்லைப் போகிற போக்கில் உதிர்த்துவிட்டுச் சென்றார். நானோ, ஏற்கெனவே எடுத்திருந்த விடுதி அறைக்குப் போனேன். என் அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. அது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை நாம் மதரஸாவிலேயே மனனம் செய்திருக்கிறோம். எட்டாமவர் ‘இப்னுஸ் ஸபீல்’. தமிழில் வழிப்போக்கர் என்கிறோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பாதையின் மகன்’. சொந்த ஊரில் அவர் செல்வந்தராகவே இருக்கலாம். வழியில் பொருள் இழந்து நின்றால் அவருக்கும் அதில் பங்குண்டு என்பதே ஃபிக்ஹு நூல்களின் விளக்கம். ஆகவே அது ஏழைக்கான பங்கினும் வேறானது. பயணத்தில் இருப்பதே ஒரு தேவை என்று மார்க்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொழுகையைச் சுருக்கவும் நோன்பைப் பின்னர் நோற்கவும் சலுகை தந்ததும் அதனாலேயே.

‘யார் எவர் என்று தெரியாதவரை எப்படித் தங்க விடுவது? உண்டியல் உடைபட்டால் யார் பொறுப்பு?’ என்று நிர்வாகிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ரோவர் என்பவன் முதலில் கொள்ளையனாகத்தானே இருந்தான்! நம் இமாம்களும் இதை எண்ணிப் பார்க்காமல் விடவில்லை. வழிப்பறி போன்ற பாவத்துக்காகவே புறப்பட்டவனுக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை கிடையாது என்பது நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. உள்நாட்டு ஊர்களில் பரவலாக உள்ள ஹனஃபி மத்ஹபோ அவனுக்கும் சலுகை உண்டு என்கிறது. இரு தரப்பாரும் ஆய்ந்தது பயணத்தின் நோக்கத்தை. வந்தவரின் துணி அழுக்கையோ முகத்தின் வாட்டத்தையோ எவரும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நம் பலகை அந்த ஆய்வைக்கூடச் செய்வதில்லை. வெளியூர் என்ற ஒன்றே அதற்குக் குற்றமாகிவிடுகிறது.

1325-இல் இருபத்தொரு வயதில் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதாவும் இன்றைய கணக்கில் ஒரு வெளியூர் நபர்தான். இலங்கையிலிருந்து வரும் வழியில் அவருடைய கப்பல் நம் கரையோரம் தட்டி நின்றபோது, படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் முஸ்லிம்கள்கூட அல்லர், இந்த மண்ணின் மக்கள். அரபிகள் அன்று இக்கரைக்கு வைத்திருந்த பெயர் ‘மஅபர்’. கடந்து செல்லும் இடம் என்று பொருள்.

விருந்தினருக்கு மூன்று நாள் என்ற வரம்பை நபி (ஸல்) அவர்களே காட்டித் தந்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் கைப்பேசி எண்ணும் எழுதும் ஒரு பதிவேடு, தொழுமிடத்திலிருந்து தனித்த ஓர் அறை, மூன்று இரவு வரம்பு, உண்டியலுக்கு நல்ல பூட்டு. இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பதிவேட்டில் எழுத மறுப்பவருக்கு இடம் மறுக்கலாம். அதில் எனக்குத் தயக்கமில்லை.

எங்கள் மஹல்லாப் பள்ளியில் ஹவ்ளுக்குப் பின்புறம் ஓர் அறை இருக்கிறது. பெரியவர்கள் அதை இன்னும் ‘முஸாஃபிர் அறை’ என்றே அழைக்கிறார்கள். உள்ளே நிக்காஹ் நாற்காலிகள் அடுக்கப்பட்டு, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும்படி ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்காலிகளை எங்கே வைப்பது என்பதுதான் இதுவரை எழுந்துள்ள ஒரே ஆட்சேபம்.